போர்டோவில் ஒரு நாள், அறுபது வாய் துவர்ப்பு

கேட்டிருப்பது இதுதான்: "ஒரு ஹோட்டலின் மதுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஏப்ரலில் மேலாளருடன் பிரான்ஸ் போகிறேன். போர்டோ தோட்டங்களில் புது ஆண்டு ஒயினைப் பீப்பாயில் இருக்கும்போதே ருசி பார்க்கும் வாரமாம். எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் ஐம்பது அறுபது ஒயின் பார்க்கலாம் என்கிறார்கள். போதை ஏறாதா? பிறந்து ஆறு மாதமான ஒயினில் என்ன தெரியும்? எப்படித் தயாராவது?"

போதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். யாரும் விழுங்குவதில்லை. இரண்டு டீஸ்பூன் அளவு வாயில் எடுத்து, சுழற்றி, துப்பிவிட வேண்டும். மேசைக்கு மேசை துப்புவதற்கென்று கலம் வைத்திருப்பார்கள். சில நிலவறைகளில் தரையோரம் ஓடும் வடிகாலிலேயே துப்பச் சொல்வார்கள். வெற்றிலை போட்ட பாட்டிமார் இரண்டு விரலை உதட்டில் வைத்துத் திண்ணையிலிருந்து முற்றத்தைத் தாண்டிக் குறி தவறாமல் துப்புவார்களே, அந்தக் கைவரிசைக்கு இங்கே நல்ல மரியாதை உண்டு. போவதற்கு முன் ஒரு வாரம் குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் வருடம் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், காலை ஒன்பதரைக்கே கசாப்புக் கடையிலிருந்து வந்தவன் மாதிரி நின்றேன். அடர்ந்த நிறத்தில் சட்டை எடுத்து வையுங்கள்.

என்னதான் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். பிரான்ஸில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2. அதனால் ருசி பார்க்காத ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். இதை மேலாளரிடம் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசினால், புதிதாகச் சேர்ந்தவர் நீங்கள் என்பதால் சாவி உங்கள் கையில்தான் வந்து விழும்.

உங்களைச் சாய்க்கப்போவது துவர்ப்பு. ஒயின் பாடப் புத்தகங்கள் டானின் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, அது சுவையா தொடு உணர்வா என்று பக்கக்கணக்கில் விளக்கும். நமக்கு அந்தப் பாடு இல்லை. அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணியே வளர்ந்த நாக்கு நம்முடையது. கொட்டைப்பாக்கை மென்றால் கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதே, மாதுளம்பிஞ்சைக் கடித்தால் நாக்கு தடித்துப்போகிறதே, அதுதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் எச்சிலின் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுவதால் வாய் சொரசொரக்கிறது. நறுக்கிய வாழைப்பூவை மோரில் போட்டால் துவர்ப்பு அடங்குகிறதே, அங்கே நடப்பதும் இதே பிடிப்புதான். எச்சிலின் வேலையை மோரின் புரதம் செய்துவிடுகிறது. போர்டோக்காரர்கள் மோருக்குப் பதில் முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை என்பது பழைய கணக்கு. அடித்து ஊற்றினால் முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்ததுதான் கனலே என்ற அந்த ஊர்ப் பலகாரம் என்று சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, வெளியே கருகலாகவும் உள்ளே பால்கோவா போலவும் இருக்கும் அதைச் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள்.

துவர்ப்பில் ஒரு வம்பு இருக்கிறது. அது வாய்க்கு வாய் கூடிக்கொண்டே போகும். பத்தாவது ஜாங்கிரி முதல் ஜாங்கிரியைவிட அதிகம் இனிப்பதில்லை, திகட்டத்தான் செய்கிறது. துவர்ப்பு அப்படி இல்லை. எச்சில் மறுபடி ஊறுவதற்குள் அடுத்த வாய் போட்டால் நேற்றைய கடனோடு இன்றைய கடனும் சேர்ந்துகொள்ளும். ஆறாவது ஒயின் முதல் ஒயினைவிடக் கரடுமுரடாகத் தெரிந்தால் பழி ஒயினுடையதாக இல்லாமலும் இருக்கலாம். இடையிடையே தண்ணீர், ஒரு துண்டு வெறும் ரொட்டி, எல்லாவற்றையும்விட ஒரு நிமிடம் சும்மா நிற்பது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் அந்த வாரத்தில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை.

இனி, ஆறு மாத ஒயினில் என்ன தெரியும் என்ற கேள்வி. அறுவடை செப்டம்பர், அக்டோபரில். நொதிப்பதும் தோலோடு ஊறுவதும் சேர்ந்து மூன்று வாரம் போல. பிறகு இன்னொரு மாற்றம் நடக்கும்: பச்சை ஆப்பிளில் இருக்கும் கூரான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா தின்று, தயிரில் இருக்கும் சாதுவான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். குளிர்காலத்தில் ஒயின் ஓக் பீப்பாய்க்குள் போகும். ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். அதற்குள் ஒன்றரை வருடமோ அதற்கு மேலுமோ கிடக்க வேண்டிய ஒயினைத்தான் நீங்கள் ஏப்ரலில் வாயில் வைக்கப்போகிறீர்கள். பெரிய தோட்டங்களின் ஒயினை அப்போதே விலை பேசி, பணத்தைக் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் பாட்டிலை எடுத்துக்கொள்வார்கள். இதற்கு ஆன் பிரிமேர் என்று பெயர். மாந்தோப்பைப் பிஞ்சுவிடும் பருவத்திலேயே குத்தகை பேசும் வியாபாரி இருக்கிறாரே, அவருடைய வேலைதான் அன்றைக்கு உங்கள் வேலை. பிஞ்சைக் கடித்துப் பார்த்து, இனிக்கவில்லை என்று அவர் முகம் சுளிப்பதில்லை. மரத்தில் எவ்வளவு நிற்கும், எப்போது பழுக்கும், மழை வந்தால் எவ்வளவு உதிரும் என்று பார்ப்பார்.

ஆகவே வாசனைப் பட்டியல் எழுதுவதில் நேரத்தைக் கரைக்காதீர்கள். புதிய ஓக்கின் வெனிலா வாசனையும் நொதித்த பழத்தின் வாசனையும் எல்லாக் கோப்பையிலும் ஒரே மாதிரி முன்னால் வந்து நிற்கும். அதில் பாதி இரண்டு வருடத்தில் உருமாறிவிடும். துவர்ப்பைப் படியுங்கள். துப்பிய பிறகுதான் படிப்பே ஆரம்பம். எங்கே பிடிக்கிறது? முன் ஈறிலேயே சுள்ளென்று பிடித்து வறட்டினால் அனேகமாக விதைத் துவர்ப்பு, அல்லது காய்ப் பக்குவம். கன்னத்தின் இரு பக்கமும் மெல்லிய துணியை இழுத்துக் கட்டியது போலப் பரவினால் நன்றாகப் பழுத்த தோலின் துவர்ப்பு. பிறகு மனதுக்குள் எண்ணுங்கள். பிடிப்பு தளர்ந்தபின் வாயில் என்ன மிஞ்சுகிறது? நாவல்பழத்தைச் சாப்பிட்டு, கொட்டையைத் துப்பிய பிறகும் பழம் வாயில் நின்றுகொண்டிருக்குமே, அப்படிப் பழம் நின்றால் அந்த ஒயினுக்கு ஆயுசு உண்டு. துவர்ப்பு போன இடத்தில் மரத்தூளை நக்கியது போல வறட்சி மட்டும் மிஞ்சினால், நிலவறைக்காரர் தோலைக் கசக்கிப் பிழிந்துவிட்டார் என்று அர்த்தம். எத்தனை வருடம் வைத்தாலும் பழம் தீருமே தவிர அந்த வறட்சி தீராது.

அறுவடைக்கு முன் தோட்டக்காரர்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். பழத்தைப் பறித்துச் சாற்றை விழுங்கிவிட்டு, விதையைக் கடிப்பார்கள். பச்சையாக, கசப்பாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பேறி, வறுத்த கடலை போல மொறுமொறுத்தால் கூடையை எடுக்கலாம். அன்றைக்கு அவர் வாய் சொன்னது சரியா என்பதைத்தான் ஏப்ரலில் உங்கள் வாய் சரிபார்க்கிறது.

இப்போது வழி. உங்கள் மேலாளர் இரண்டு கரையையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்பார். ஜிரோந் கழிமுகத்துக்கு இடது கரையில் மெதோக்: கூழாங்கல் மேடு, கபர்னே சோவின்யோன் திராட்சை, பெரிய மாளிகைகள். வலது கரைப் பக்கம் சான்-எமிலியோனும் பொமெரோலும்: களிமண், சுண்ணாம்புப் பாறை, மெர்லோ திராட்சை. என் கருத்து, ஒரே நாள் என்றால் ஒரே கரை. அதுவும் இடது கரை. தோட்டங்கள் அங்கே ஒரே சாலையில், டி2 என்ற குறுகிய சாலையில், மணி கோத்தது போல வருகின்றன. காலையில் போர்டோ நகரத்திலிருந்து நேராக வடகோடியான சான்-எஸ்தெஃபுக்கு ஓட்டிவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ருசி பார்த்தபடியே தெற்கே இறங்கி, மாலையில் மார்கோவில் முடித்தால் நகரம் அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருக்கும். தெற்கிலிருந்து தொடங்குபவர்களின் வரிசையில் மாட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம்.

எட்டரை மணிக்கு முதல் சந்திப்பு. சான்-எஸ்தெஃபில் கோஸ் தெஸ்தூர்னெல் என்ற தோட்டத்தின் முகப்பைப் பார்த்ததும் வழி தவறிவிட்டோமோ என்று தோன்றும். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே கீழைத்தேயக் கோபுரங்கள். லூயி-காஸ்பார் தெஸ்தூர்னெல் 19-ஆம் நூற்றாண்டில் தன் ஒயினைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பி விற்றவர். விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்கள் வெப்பத்திலும் கடல் ஆட்டத்திலும் பக்குவப்பட்டு முன்னைவிட நன்றாக இருப்பதாகக் கண்டு, 'இந்தியாவிலிருந்து திரும்பியது' என்று அடையாளமிட்டே விற்றார் என்பது அந்தத் தோட்டத்தின் வரலாறு. கதவு ஒன்று சான்சிபாரிலிருந்து வந்தது. மனிதர் கடைசியில் கடனில் மூழ்கி, 1852-இல் தோட்டத்தை விற்றுவிட்டு, அடுத்த வருடமே இறந்துபோனார். இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் தன் தோட்டம் 1855 தரவரிசையில் இரண்டாம் வகுப்பில் ஏறியதைப் பார்த்திருப்பார்.

அந்த 1855 பட்டியல் இன்னும் அந்தச் சாலையை ஆள்கிறது. பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டதன் பேரில், போர்டோத் தரகர்கள் அதுவரை எந்தத் தோட்டம் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். சுவைப் போட்டி எதுவும் நடத்தவில்லை, சந்தை விலைதான் அளவுகோல். அதன் பின் முதல் வகுப்பில் ஒரே ஒரு மாற்றம்: 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏறியது. அப்போது விவசாய அமைச்சராக இருந்து கையெழுத்திட்டவர் பிற்காலத்தில் அதிபரான ழாக் ஷிராக். நம் ஊரில் ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயர் இறங்குவதில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் மெதோக்கைப் பார்க்க வேண்டும்.

கோஸிலிருந்து ஒரு சிறு ஓடையைத் தாண்டினால் லாஃபித். கூப்பிடு தூரம். ஓடைக்கு இந்தப் பக்கம் சான்-எஸ்தெஃப், அந்தப் பக்கம் போயாக். ஐந்து முதல் வகுப்புத் தோட்டங்களில் லாஃபித், மூத்தோன், லாத்தூர் மூன்றும் போயாக்கில்தான். இவற்றின் ஒயின் பொதுக் கூடத்தில் ஊற்றப்படாது. முன்கூட்டியே நேரம் வாங்கி, வாசலுக்குப் போக வேண்டும். கிடைப்பது இருபது நிமிடம். நேரத்தில் கருணையே கிடையாது. ஒரு வருடம் டிராக்டருக்குப் பின்னால் மாட்டி நாங்கள் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். புன்னகையோடு வரவேற்று, புன்னகையோடு வழியனுப்பிவிட்டார்கள், கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை.

நிலவறைக்குள் போகும் வாய்ப்பு வந்தால் ஒரு காட்சியை நின்று பாருங்கள். புதிய பீப்பாய்கள் வெளிர் மஞ்சளாக வரிசை கட்டியிருக்கும். ஒவ்வொன்றின் நடுவயிற்றிலும் மட்டும் ஒரு பட்டை, உலர்ந்த ரத்த நிறத்தில். ஊற்றும்போதும் எடுக்கும்போதும் சிந்துவதால் அசிங்கமாகத் தெரியாமல் இருக்க ஒயினாலேயே பூசிவிடுகிறார்கள். நிலவறைத் தலைவர் கண்ணாடி அடைப்பானைத் திருகி எடுக்கிறார். நீளமான கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல் துளையைக் கட்டைவிரலால் மூடித் தூக்குகிறார். உங்கள் கோப்பைக்கு மேல் விரலைச் சற்றே தளர்த்த, மையைப் போல ஒரு நூல் இறங்குகிறது. விளிம்பில் ஊதா, நடுவில் கறுப்பு. மூக்கைக் கொண்டுபோனால் புதிதாகச் சீவிய பென்சிலும் கருந்திராட்சையும். போயாக்கின் கபர்னேயை இந்தப் பென்சில் வாசனையை வைத்தே அடையாளம் சொல்பவர்கள் உண்டு. மிச்சத்தைப் பீப்பாயிலேயே திருப்பி ஊற்றுவதைப் பார்த்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். 300 பாட்டிலில் ஒன்றின் விலை அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த வாரம் பெரும்பாலும் பீப்பாயிலிருந்து தர மாட்டார்கள். அன்று காலை எடுத்து வைத்த மாதிரிப் பாட்டிலிலிருந்துதான் ஊற்றுவார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். நீங்கள் ருசிப்பது ஓர் உத்தேசக் கலவை. கபர்னே எவ்வளவு, மெர்லோ எவ்வளவு என்பது அனேகமாக முடிவாகியிருக்கும், ஆனால் பிழிந்தெடுத்த இரண்டாம் சாற்று ஒயினைப் பிறகு சேர்க்கக்கூடும். எந்தப் பீப்பாய்களிலிருந்து எடுத்தார்கள் என்பதும் அவர்கள் கையில். பெண் பார்க்கப் போன வீட்டில் நல்ல புடவை கட்டி நிறுத்துவது போலத்தான், அதில் மோசடி என்று எதுவும் இல்லை. ஆனால் புடவைக்கு மதிப்பெண் போட்டுவிட்டு வரக்கூடாது. திறந்து பல மணி நேரமான மாதிரி காற்றுப் பட்டுச் சோர்ந்தும் போயிருக்கும். ஒரே ஒயினை ஓரிடத்தில் காலையிலும் இன்னோர் இடத்தில் மாலையிலும் பார்க்க முடிந்தால் பாருங்கள். என் குறிப்பேடுகளில் மிகப் பயனுள்ள பக்கங்கள் அப்படி எழுதியவைதான்.

போயாக்கின் தெற்கு எல்லையில் லாத்தூர். தோட்டத்தின் நடுவே நிற்கும் கல்கோபுரம் உண்மையில் ஒரு புறாக்கூடு. இந்தத் தோட்டம் 2012-இல் ஆன் பிரிமேர் முறையிலிருந்து விலகிவிட்டது. குடிக்கத் தயாரானதும் நாங்களே வெளியிடுகிறோம், பிஞ்சிலே விற்பதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. அப்போது பலர் கோபப்பட்டார்கள். எனக்கென்னவோ, நிலவறையும் பணமும் இருப்பவர்கள் வேறென்ன செய்வார்கள் என்றுதான் தோன்றியது. குத்தகைக்கு விடுபவன் மழைக்குப் பயந்தவன், பயமில்லாதவன் பழமாக்கி விற்கிறான்.

ஒரு பள்ளத்தைத் தாண்டினால் சான்-ஜூலியான். முதல் வகுப்பு ஒன்றுகூட இல்லாத ஊர், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்லும் ஊர். இங்கே ஒரு நிமிடம் காரை நிறுத்துங்கள். சாலையோரக் கொடிகளில் ஒரு காலத்தில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து நீலமாகத் தெளித்து வைத்திருந்தார்கள், விஷம் என்று பயப்படட்டும் என்று. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்ஸ் முழுவதும் கொடிகளை உதிர்த்துக்கொண்டிருந்த நேரம். 1882-இல் இந்தப் பக்கம் வந்த தாவரவியல் பேராசிரியர் மிலார்தே, உள்ளே இருந்த கொடிகள் மொட்டையாக நிற்க, நீலம் பூசிய சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை நிற்பதைக் கவனித்தார். சோதித்து 1885-இல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. மிளகுக்கும் பாக்குக்கும் தென்னைக்கும் ஒரு சதவீதம் என்று கணக்குப் போட்டு, 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ என்று கரைத்துத் தெளிக்கிறார்களே, அதே கலவை. அந்தப் பெயரில் இருக்கும் ஊர் எங்கே இருக்கிறது என்று தெளிக்கும் பலருக்குத் தெரியாது. இந்தச் சாலையோரத்துத் திருட்டுப் பயத்தில் பிறந்தது அது.

மதியம் மூன்று மணிக்கு மேல் நீங்கள் பார்க்கும் ஒயின்களுக்குத்தான் அநியாயம் நடக்கும். சொந்த அனுபவம் ஒன்று. 2015 ஏப்ரலில் 2014-ஆம் ஆண்டு ஒயின்களைப் பார்க்கப் போயிருந்தேன். மழைக்கோடைக்குப் பிறகு செப்டம்பர், அக்டோபர் வெயில் காப்பாற்றிய ஆண்டு அது. போயாக்கில் கறுப்பும் கனமுமாகப் பதினைந்து ஒயின் பார்த்த கையோடு, சான்-ஜூலியானில் ஒரு தோட்டத்தின் ஒயினை வாயில் வைத்தேன். அன்றைய கணக்கில் முப்பத்தொன்றாவது. குறிப்பேட்டில் எழுதியது மூன்று சொல்: "ஒல்லி. சதை இல்லை." வாங்கவில்லை. எட்டு வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில், பாட்டிலைத் துணியால் மூடி ஊற்றினார்கள். மேசையில் இருந்த நான்கில் எது பிடித்தது என்று கேட்டபோது, யோசிக்காமல் அதைத்தான் காட்டினேன். துணியை எடுத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒயினில் சதை இருந்தது. முப்பது துவர்ப்பு ஏறியிருந்த என் வாய்க்கு அதை எட்டிப் பிடிக்கும் சக்திதான் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் அது அன்றைய எத்தனையாவது ஒயின், மணி என்ன என்று எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். மதிப்பெண்ணைவிட அந்த இரண்டு எண்கள் பிறகு உதவும்.

இரண்டு கரையும் பார்த்தே தீர வேண்டும் என்று மேலாளர் பிடிவாதம் பிடித்தால், ஒரு வழி சொல்கிறேன். காலையில் வலது கரையில் தொடங்குங்கள். மெர்லோவின் துவர்ப்பு பட்டுப் போல இறங்கும், வாய் சீக்கிரம் காயாது. பொமெரோலில் மாளிகை எதையும் தேடாதீர்கள். உலகின் விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றான பெத்ருஸ் வருவது ஏறத்தாழ பதினொன்றரை ஹெக்டேர் நீலக் களிமண்ணிலிருந்து, ஒரு சாதாரண வீட்டுக்குப் பக்கத்தில். அந்த ஊருக்குத் தரவரிசையே கிடையாது, அது இல்லாமல் அவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. சான்-எமிலியோனில் தரவரிசை உண்டு, பத்து வருடத்துக்கு ஒருமுறை போல மாற்றுவார்கள். 2022 பட்டியலுக்கு முன்பே உச்சியில் இருந்த ஷெவால் ப்ளான், ஓசோன், ஆன்ஜெலுஸ் மூன்றும் வெளியேறிவிட்டன. பதினொன்றரை மணிக்குக் கிளம்பி பிளாய் என்ற ஊருக்கு ஓட்டிப் படகைப் பிடியுங்கள். கார் ஏறும் படகு, நாளுக்குச் சில தடவைகளே போகும், அட்டவணையை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மறுகரையில் லாமார்க்கில் இறங்கினால் மெதோக்கின் நடுவில் நிற்பீர்கள். நகரத்துச் சுற்றுச்சாலை நெரிசலில் நிற்பதைவிட இது மேல். பால் கூடுதலாக ஊற்றிய டீ நிறத்தில் தண்ணீர் ஓடும். மேல்தளத்தில் காற்றில் நின்றுகொண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடலாம். அந்த இருபது நிமிடத்தில் உங்கள் வாய்க்கு எச்சில் திரும்பி வரும். 'நல்ல கொடி ஆற்றைப் பார்த்து நிற்கும்' என்று மெதோக்கில் சொல்வார்கள். ஏன் என்று படகிலிருந்து பார்த்தால் தெரியும்: ஆற்றை ஒட்டிய கூழாங்கல் மேடுகளில் தண்ணீர் நிற்பதில்லை, பரந்த நீர்ப்பரப்பு குளிரையும் உறைபனியையும் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. 2017 ஏப்ரல் இறுதி உறைபனியில் போர்டோ விளைச்சல் ஏறத்தாழ நாற்பது சதவீதம் விழுந்தபோது, ஆற்றோரத்துப் பெரிய தோட்டங்கள் பல தப்பித்ததற்கு இதுதான் காரணம்.

வாங்குவது பற்றி இரண்டு வார்த்தை. தோட்டக்காரரோடு கைகுலுக்கினாலும் அவரிடமிருந்து நீங்கள் எதையும் வாங்கப்போவதில்லை. தோட்டத்துக்கும் மொத்த வியாபாரிக்கும் நடுவில் ஒரு தரகர், இரண்டு சதவீதம் அவருக்கு. நெகோசியான் எனப்படும் மொத்த வியாபாரிகள் 300 பேர் போல. அவர்களில் ஒருவர்தான் உங்கள் ஹோட்டலுக்கு ஒதுக்கீடு தருவார். விலை உடனே தெரியாது. விமர்சகர்களின் மதிப்பெண் வெளியான பிறகு, மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொன்றாக வரும். 1982-ஆம் ஆண்டு ஒயின்களை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பீப்பாயிலேயே கொண்டாடி, அது பலித்ததிலிருந்து நூறுக்கு இத்தனை என்ற எண்தான் விலையை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பு இப்போது தளர்ந்துவிட்டது. 2010-ஆம் ஆண்டு ஒயின்களை உச்ச விலையில் முன்பணம் கட்டி வாங்கிய பலர், பாட்டில் வந்து வருடங்கள் கழித்தும் அதே விலையைப் பார்க்கவில்லை. 2023-ஆம் ஆண்டு ஒயினுக்கு லாஃபித்தே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்தது. எனவே உங்கள் குறிப்பேட்டில் 'நல்ல ஒயின்' என்று இருந்தால் மட்டும் போதாது. இரண்டு வருடம் கழித்துக் கடையில் கிடைக்காத ஒயினா, அல்லது அதைவிட மலிவாகவே கிடைக்கப்போகிற ஒயினா என்று மேலாளர் கேட்பார். சின்னத் தோட்டம், குறைந்த விளைச்சல், நீண்டு நிற்கும் பழம் என்றால் முன்பணம் கட்டலாம். மற்றவற்றுக்கு அவசரம் இல்லை.

வலது கரையிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் நாள் என்றால் இரு ஆறுகளுக்கு நடுவிலான ஆந்த்ர்-தே-மேர் வழியாகவும் வரலாம். அங்கே கொடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்து வைத்திருக்கும் நிலங்களைப் பார்க்க நேரிடும். சாதாரண போர்டோ ஒயினுக்கு வாங்க ஆள் இல்லை. 2023-இலிருந்து ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்துப் பிடுங்கச் சொல்லும் திட்டம் நடந்தது. காலையில் ஒரு பாட்டில் பல நூறு யூரோ விலைபோகும் தோட்டத்தில் துப்பிவிட்டு வந்தவனுக்கு, குவியலில் கிடக்கும் முப்பது வருடத்துக் கட்டையைப் பார்ப்பது சங்கடமாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்ப் பெயரைத்தான் லேபிளில் போடுகின்றன.

சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் பல்லைக் கண்ணாடியில் பார்த்தால், பள்ளி வாசலில் நாவல்பழம் வாங்கித் தின்றுவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் வாய்தான் தெரியும். உடனே பிரஷ்ஷை எடுத்துவிடாதீர்கள். நாள் முழுக்கப் புளிப்பில் ஊறிய பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும், அப்போது தேய்த்தால் அதுவும் சேர்ந்து போகும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குள் மற்ற வாங்குபவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று கேட்டால், ஆற்றங்கரையில் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோர் முன்னாலும் பீர் இருக்கும்.